குச்சி இல்லாத வியாழக்கிழமைகள்

ஊரில் அவரைக் கண் டாக்டர் என்றுதான் சொல்வார்கள். ஓய்வு பெற்றுப் பதினான்கு வருடமாகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் அதற்குப் பிறகு நாலு பேர் உட்கார்ந்து எழுந்து போய்விட்டார்கள். ஆனாலும் மருந்துக்கடையிலோ பஸ் நிறுத்தத்திலோ "கண் டாக்டர் வர்றாரு, கொஞ்சம் தள்ளுங்க" என்று யாராவது சொன்னால், வருவது இவர்தான்.

இந்தப் பட்டத்துக்கு முன்னால் அவருக்கு இன்னொரு பட்டம் இருந்தது. சோடாபுட்டி. கொடுத்தது அவர் படித்த உயர்நிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பு வரை அவர் கரும்பலகையைப் பார்த்து ஒரு வரி எழுதியதில்லை. பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவார். ஒருநாள் எழுதுகிற மும்முரத்தில் அந்தப் பையனின் பெயரையும் வரிசை எண்ணையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டார். கணக்கு வாத்தியார் பிரம்பை எடுத்தார். ஓவிய வாத்தியார்தான் "கொஞ்சம் பொறுங்க சார், இவனுக்குக் கண்ணுல ஏதோ கோளாறு" என்று தடுத்து, பையனைத் தன் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். தடித்த கண்ணாடியோடு வகுப்புக்குத் திரும்பிய அன்று, சுவர்க் கடிகாரத்தில் மூன்றாவதாக ஒரு முள் ஓடிக்கொண்டிருப்பதைப் பையன் பார்த்தான். அதுவரை கடிகாரத்துக்கு இரண்டே முள் என்று நினைத்திருந்தான். பிள்ளைகள் சோடாபுட்டி என்று கத்தியபோது அழுதான் என்றாலும், வீட்டுக்குப் போகும்வரை அந்த முள்ளையே பேசிக்கொண்டு போனான்.

அந்தப் பள்ளிக்குத்தான் அவர் திரும்பிப் போனார். ஆறு வருடம் முன்பு, மனைவி இறந்த ஐந்தாவது மாதம், எழுத்து அட்டையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு தலைமையாசிரியையின் அறைக்குள் நுழைந்து, "வாரம் ஒருநாள் பிள்ளைங்க கண்ணைப் பாக்கறேன். எனக்கு ஒரு அறையும் இருபதடி தூரமும் குடுங்க போதும்" என்றார். பின்னால் இதைச் சொல்லும்போதெல்லாம் "யாரும் கூப்பிடல, நானாத்தான் போனேன்" என்று சேர்த்துக்கொள்வார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை.

வரைபடங்கள் சுருட்டி வைத்திருக்கும் நீண்ட அறையைக் கொடுத்தார்கள். ஒரு கோடியில் ஆணியடித்து எழுத்து அட்டை. இருபதடி தள்ளித் தரையில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு. கோட்டில் குழந்தை, பக்கத்தில் ஸ்டூலில் உடற்பயிற்சி ஆசிரியர், மடியில் பிள்ளைக்கு ஒன்றாகக் கண் பரிசோதனைக் கார்டுக் கட்டு. பள்ளி முழுக்க அவருக்கு விசில் என்று பெயர். கழுத்தில் விசில் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் அவர் மனைவியும் நாவிதரும் மட்டும் என்பார்கள். டாக்டர் சொல்வதை விசில் எழுதுவார், டாக்டர் கையெழுத்துப் போடுவார். வியாழக்கிழமைக்கு ஒரு வகுப்பு.

டாக்டரிடம் ஒரு முறை உண்டு. பூகோளப் பாடத்துக்கு வைத்திருந்த, நுனியில் சிவப்புப் பூசிய நீளக் குச்சியை எடுத்துக்கொண்டு அட்டைக்குப் பக்கத்தில் நிற்பார். நாலாவது வரியில் மூன்றாம் எழுத்து, அங்கிருந்து ஆறாவது வரியில் கடைசி, மறுபடி மேலே என்று குச்சி தாவிக்கொண்டே இருக்கும். வரிசையாக வாசிக்க ஒருநாளும் விடமாட்டார். ஆஸ்பத்திரியில் தன்னிடம் பயிற்சிக்கு வந்த இளம் டாக்டர்களுக்கும் இதையே சொல்லிச் சொல்லி மண்டையில் ஏற்றியிருந்தார். "குச்சி தாவணும். நம்ம பிள்ளைங்க மனப்பாடத்துல புலி. வரிசையா விட்டா கண்ணே இல்லாதவன்கூட வாசிச்சிடுவான்."

நாலு வருடம் குச்சி தாவியது. நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கண்ணாடி வந்தது. அவருடைய நல்ல காலம் அதுதான் என்று தோன்றுகிறது. ஆஸ்பத்திரியில் ஆயிரக்கணக்கில் அறுவை செய்த காலத்தைவிட. வெள்ளி முதல் புதன் வரை அந்த வீட்டில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. காலண்டரில் தாள் கிழிப்பதை வேலை என்று சொன்னால் அது ஒன்று.

ஐந்தாம் வருடத் தொடக்கத்தில், காலையில் பேப்பர் படிக்கும்போது ஒவ்வொரு சொல்லின் நடுவிலும் ஒரு எழுத்து காணாமல் போயிருந்தது. கண்ணாடியைத் துடைத்தார். குளியலறைக்குப் போனால் சுவர் ஓடுகளின் கோடு நெளிந்தது. வேறு யாராவது என்றால் கொத்தனாரைத் திட்டியிருப்பார்கள். இவருக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. இருந்தாலும் கட்டம் போட்ட தாளில் நடுவே ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புள்ளி இல்லை. புள்ளியைச் சுற்றியிருந்த கட்டங்கள் வளைந்தன. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டிருக்கிறது. எத்தனை பேருக்கு இதே தாளைக் கொடுத்து, "பயப்படாதீங்க, ஓரப் பார்வை இருக்கும், நடமாடலாம்" என்று முதுகில் தட்டி அனுப்பியிருப்பார்! தன் முதுகைத் தட்ட ஆள் இல்லை. தாளை மடித்து மேசை இழுப்பறையில், மனைவியின் பழைய மருந்துச் சீட்டுகளுக்கு அடியில் வைத்தார்.

யாரிடமும் சொல்லவில்லை. வேறு ஊரில் இருக்கும் மகளிடம் சொன்னால் அடுத்த வண்டியில் வந்து கூட்டிப் போய்விடுவாள். மருமகன் தங்கமானவர், சாப்பாட்டுக்குக் குறை இருக்காது. ஆனால் அங்கே வியாழக்கிழமை இருக்காது.

அப்புறம் ஆரம்பித்தது நாடகம். ஆட்களைக் குரலை வைத்துக் கண்டுபிடித்தார். கடிதம் வந்தால் "கண்ணாடியை எங்கயோ வெச்சுட்டேன், என்ன எழுதியிருக்குன்னு படிங்க" என்றார். மகள் ஒருமுறை வற்புறுத்திக் கண்ணாடிக் கடைக்கு இழுத்துப் போனாள். கடைக்காரன் அட்டையைக் காட்டியதுதான் தாமதம், கடைசி வரி வரை மூச்சுவிடாமல் ஒப்பித்தார். எல்லாக் கடையிலும் அதே அட்டை. நாற்பது வருடம் பார்த்த அட்டை. "உங்க அப்பாவுக்குக் கழுகுப் பார்வைம்மா" என்றான் கடைக்காரன். மகள் சந்தோஷமாக ஊருக்குப் போனாள்.

பள்ளியில்தான் சிக்கல். ஒரு வியாழக்கிழமை, குச்சியை ஒரு எழுத்தின் மேல் வைத்தார். கோட்டில் நின்ற பையன் ஓர் எழுத்தைச் சொன்னான். "தப்பு" என்றார். விசில் லேசாக இருமினார். குச்சி எந்த எழுத்தின் மேல் இருக்கிறது என்று டாக்டருக்கே தெரியவில்லை. பையன் சொன்னது சரி.

அடுத்த வாரம் குச்சி ஆணியிலேயே தொங்கியது.

"சார், இந்த வருஷம் குச்சி வேணாமா?" என்று கேட்டார் விசில்.

"நாப்பது வருஷ அனுபவம்யா. காதால கேட்டாலே எனக்குப் போதும். வரிசையா வாசிக்கட்டும், வேலை சீக்கிரம் முடியும்."

விசில் நம்பினார். கண் டாக்டர் சொல்லிக் கண் விஷயத்தை நம்பாமல் வேறு யார் சொல்லி நம்புவது?

பிள்ளைகள் ஒரே வாரத்தில் விஷயத்தைப் பிடித்துவிட்டார்கள். வராந்தாவில் வரிசையில் நிற்கும்போதே உள்ளே வாசிப்பது காதில் விழும். பத்துப் பேர் வாசித்து முடிப்பதற்குள் பதினோராவது ஆளுக்கு வாய்ப்பாடு மாதிரி வந்துவிடும். வராதவர்களுக்குப் பின்னால் நிற்பவர் முணுமுணுத்து எடுத்துக் கொடுப்பார். பள்ளியில் சோடாபுட்டி என்ற பட்டம் இன்னும் சாகவில்லை, பாருங்கள். அதற்குப் பயந்தே பாதிப் பேர் ஒப்பித்தார்கள். அந்த வருடம் கண்ணாடி தேவைப்பட்டவர்கள் மொத்தம் மூன்று பேர். "பிள்ளைங்க பார்வை எவ்வளவு முன்னேறிடுச்சு!" என்று தலைமையாசிரியை கூட்டத்தில் சொல்ல, எல்லோரும் கைதட்டினார்கள். டாக்டரும் சிரித்தபடி தலையாட்டினார். பார்வை என்ன பரீட்சை மார்க்கா, வருடாவருடம் முன்னேற? ஒரு டாக்டருக்கு இது உறைத்திருக்க வேண்டாமா? உறைத்திருக்கும். அவர் அதைத் தட்டிக் கழித்துவிட்டார் என்பதுதான் என் எண்ணம். அதற்காக அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

அப்படி ஒப்பித்தவர்களில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. வாலிபால் அணியில் இருந்தாள், தையல்காரியின் ஒரே மகள். எப்போதும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பாள். வலது கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரி வரை கடகடவென்று சொன்னாள். அவள் பார்க்காமல் சொன்னாள், இவர் பார்க்காமல் கேட்டார். "சபாஷ், முழுப் பார்வை, ரெண்டு கண்ணும் ஆறுக்கு ஆறு" என்றார். விசில் எழுதினார். டாக்டர் கையெழுத்துப் போட்டார். கார்டில் கையெழுத்துக் கோடு எங்கே என்று விசில் விரல் வைத்துக் காட்டியிருந்தார்.

பத்து மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை மாலை, பெரிய ஆஸ்பத்திரியின் கண் பிரிவுத் தலைவி வீட்டுக்கு வந்தாள். அவரிடம் பயிற்சி பெற்றவள். அவரைக் கண்டால் இன்றைக்கும் நாற்காலி நுனியில்தான் உட்காருவாள். ஒரு கார்டை மேசையில் வைத்தாள்.

"சார், இது உங்க கையெழுத்தா?"

அவர் கார்டை எடுத்து, தலையை ஒருக்களித்து ஓரக் கண்ணால் பார்த்தார். பழகிப்போய்விட்டது. அவள் அதையும் பார்த்தாள்.

"என்னோடதுதான். என்னம்மா ஆச்சு?"

"பதினாலு வயசுப் பொண்ணு சார். நேத்து காலைல எழுந்திருக்கும்போது இடது கண்ணு வெள்ளையா வீங்கியிருந்துச்சு. கருவிழி மெலிஞ்சு மெலிஞ்சு கூம்பு மாதிரி முன்னால தள்ளி, உள் ஏடு கிழிஞ்சு தண்ணி புகுந்துடுச்சு. தழும்பு கட்டாயம் விழும். வேற கருவிழி வெச்சுத் தைக்க வேண்டி வரும், அதுவும் எவ்வளவு தெரியும்னு சொல்ல முடியாது. வலது கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்கு, அதை நிறுத்திடலாம். போன வருஷம் வந்திருந்தா ரெண்டையுமே அரை நாள்ல நிறுத்தியிருக்கலாம் சார்."

டாக்டர் கார்டை மேசையில் திரும்ப வைத்தார்.

"கார்டு மாறிப் போயிருக்கும் சார். எழுதறது அந்த விசில் சார்தானே? தலைமையாசிரியை அவருக்கு மெமோ குடுக்கப் போறாங்க. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுங்கன்னாங்க."

தப்பித்துக்கொள்ள அவருக்கு எதிரே ஒரு கதவு திறந்திருந்தது. சும்மா நடந்து போனால் போதும்.

"இருக்கலாம்" என்றார்.

அவள் எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பாமலே சொன்னாள். "நீங்க சொல்லிக் குடுத்ததுதானே சார், குச்சி தாவணும்னு. குச்சி தாவியிருந்தா, கார்டு மாறினாத்தான் இப்படி ஆகும்."

மறுநாள் காலையில் விசில் போன் செய்தார். குரலே அவருடையது மாதிரி இல்லை. "சார், நான் மாத்தி எழுதல சார். நீங்க சொன்னதைத்தான் எழுதினேன். ஆனா... மாறியிருக்கும்னு நீங்க சொன்னீங்கன்னா மாறித்தான் இருக்கும் சார். என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். ரிட்டயராக ரெண்டு வருஷம் இருக்கு, அதான் கொஞ்சம் பயமா இருக்கு."

டாக்டர் போனை வைத்துவிட்டு எழுந்தார். பிறகு சட்டையை மாட்டினார். பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது அவருக்குத் தெரியாது.

தையல்கடை பள்ளிக்குப் பின்தெருவில் இருந்தது. ஒரு மெஷின், ஒரு வெட்டு மேசை, சுவர் முழுக்கப் பள்ளிச் சீருடை. அவரைப் பார்த்ததும் தையல்காரி பதறி எழுந்து, முக்காலியைத் தன் முந்தானையாலேயே துடைத்துப் போட்டாள். உள்ளே திரைக்குப் பின்னால் பெண் படுத்திருந்தாள்.

"நீங்க ஏன் சார் இவ்வளவு தூரம்? சொல்லியனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே."

அவர் வாயைத் திறக்குமுன் அவளே பேசினாள். அழுதுகொண்டு பேசினாள். "மன்னிச்சுடுங்க சார். கழுதை, மனப்பாடம் பண்ணி உங்களையே ஏமாத்தியிருக்கா. நேத்துதான் உண்மையைச் சொன்னா. போர்டு தெரியலம்மா, தெரியலம்மான்னு ஆறு மாசமா எங்கிட்ட சொல்லிட்டுத்தான் சார் இருந்தா. நான்தான் கேக்கல. கார்டை அந்த முகம் பாக்கற கண்ணாடிக்குப் பக்கத்துல குத்தி வெச்சிருந்தேன். பெரிய டாக்டரே கையெழுத்துப் போட்டிருக்காரு, படிக்க வலிச்சா கண்ணு மேல பழியைப் போடறியான்னு அடிச்சேன் சார். இந்தக் கையால அடிச்சேன்."

டாக்டர் முக்காலியில் உட்கார்ந்தார். இருபத்தையாயிரம் கண்களைத் திறந்த கை அவருடையது. அதை முழங்காலின் மேல் விரித்து வைத்துக்கொண்டார்.

"அவ என்னை ஏமாத்தலம்மா" என்றார். "எனக்கும் அந்த அட்டை தெரியல. ரெண்டு வருஷமா என் கண்ணு போயிட்டிருக்கு. யாருக்கும் சொல்லல. குச்சி வெச்சுக் கேட்டிருந்தா உன் பொண்ணு மாட்டியிருப்பா. நானும் மாட்டியிருப்பேன். அதனாலதான் குச்சியை எடுக்கல. டார்ச் அடிச்சுப் பாத்திருந்தாலே போதும், உள்ள வெளிச்சம் கத்திரிக்கோல் மாதிரி ஆடும், முதல் வருஷம் படிக்கிறவனுக்குக்கூடத் தெரியும். நான் பாக்கல. பாத்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது."

தையல்காரியின் அழுகை நின்றது. அவரையே பார்த்தாள். மெஷினின் சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் கேட்டாள்.

"உங்களை யாரு சார் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டது?"

அவருக்குப் பதில் தெரியும். ஆறு வருடமாகப் பெருமையோடு சொல்லிவந்த பதில்தான். எழுந்தார். கடைப் படியில் கால் தடுக்கியது. அவள் பிடிக்க வரவில்லை.

அங்கிருந்து நேரே பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னார். விசிலுக்கு எழுதியிருந்த மெமோ அவர் கண்ணெதிரிலேயே கிழிபட்டது. பிறகு மகளுக்குப் போன் செய்தார். அவள் முதலில் நம்பவில்லை. நம்பியதும், சனிக்கிழமை வருகிறேன் என்றாள்.

அந்த வியாழக்கிழமை கண் பிரிவுத் தலைவி இரண்டு பேரோடு பள்ளிக்கு வந்தாள். இரண்டு வருடத்தில் அவர் பார்த்த அத்தனை பேரையும் திரும்பப் பார்க்க வேண்டும். டாக்டரை யாரும் வரச் சொல்லவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் வந்து அறைக்குள் சுவரோர பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். குச்சி அட்டையில் படும் சத்தம் டக், டக் என்று கேட்டது. ஒரு பிள்ளை நிறுத்தாமல் சொல்லும்போது அவர் மூச்சு சீராகும். ஒரு பிள்ளை திக்கி நின்றால் கண்ணை மூடிக்கொள்வார். மாலைக்குள் முப்பத்தொன்பது பேர் திக்கி நின்றார்கள். கூம்புக் கண் வேறு யாருக்கும் இல்லை. அது ஒரு ஆறுதல் என்று விசில் சொன்னார். டாக்டர் தலையை ஆட்டினார், ஆனால் முப்பத்தொன்பது என்ற எண் அவர் உதட்டிலேயே இருந்தது.

கடைசியாகத் தையல்காரி மகளைக் கூட்டி வந்தாள். இடது கண்ணில் கட்டு, வலது கண்ணில் புதுக் கண்ணாடி. கண்ணாடி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். அம்மா வாசலோடு நின்றுவிட்டாள், உள்ளே திரும்பவே இல்லை. பெண் மட்டும் வந்து பெஞ்சில் டாக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அவளிடம் என்னென்னவோ சொல்ல நினைத்து வந்திருந்தார்.

"வலிக்குதாம்மா?" என்றுதான் வந்தது.

"இப்ப இல்ல சார்."

அட்டைப் பக்கத்திலிருந்து கண் பிரிவுத் தலைவியின் குரல் கேட்டது. "சார், நீங்களும் ஒரு தடவை கோட்டுக்கு வாங்க."

அவர் எழுந்து, வெள்ளைக் கோட்டைக் காலால் தடவிக் கண்டுபிடித்து நின்றார். ஐம்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் இதே பள்ளியில் பிரம்பின் முன் நின்ற பையனைப் போல நின்றார். அட்டை முழுவதும் அவர் தலைக்குள் இருந்தது, மேலிருந்து கீழ் வரை ஒரு எழுத்து பிசகாமல். குச்சி டக் என்று ஓரிடத்தில் பட்டது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

பின்னாலிருந்து மிக மெல்லிய முணுமுணுப்பு. அந்தப் பெண்தான். வராந்தா வரிசையில் பழகிய பழக்கம். பக்கத்தில் ஒருவர் திணறினால் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். "ம" என்றாள். "சார், ம."

டாக்டரின் கன்னம் நனைந்தது. அவர் துடைக்கவில்லை.

"தெரியல" என்றார்.

குச்சி தாவியது.

"தெரியல."

மறுபடி தாவியது.

"தெரியலம்மா. எதுவுமே தெரியல."

ஸ்டூலில் விசில், பெயர் எழுதாத ஒரு கார்டை மடியில் வைத்துக்கொண்டு, பேனா மூடியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"எழுதுய்யா" என்றார் டாக்டர், அவர் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பி. "நான் சொன்னதை எழுது."

விசில் எழுதினார்.